மூலையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் முழு அகலத்தையும் கத்தரியால் வெட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து 'சர்'ரென்று ஓர் இழுப்பு. துணி நேராகக் கிழிந்து வந்துவிடும்.

அந்தச் சின்ன வெட்டு மட்டும் இல்லாவிட்டால், பயில்வானே இழுத்தாலும் நல்ல துணி இலேசில் கிழியாது!

காரணம் எளிது. இழுக்கும் விசை, வெட்டின் கூரான முனையில் வந்து குவிகிறது. அங்கே இருக்கும் ஒற்றை நூல் தாங்க முடியாமல் அறுகிறது. உடனே பாரம் அடுத்த நூலின் தலையில் விழுகிறது. அதுவும் அறுகிறது. இப்படியே போகிறது.

துணிக்கு நேரும் இந்தக் கதி இரும்புக்கும் நேரும், அலுமினியத்துக்கும் நேரும். ஒரு தகட்டில் எங்கே கூரான உள்மூலை இருக்கிறதோ, அங்கே விசை குவியும். விரிசல் விடுவதென்றால் முதலில் அங்கேதான் விடும்.

ஆகையால்தான் யந்திரங்களுக்கும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் படம் வரைகிறவர்கள் உள்மூலைகளைக் கூராக விடுவதில்லை. ஒரு கோடும் இன்னொரு கோடும் சேரும் இடத்தில், அல்லது ஒரு கோடும் வட்டத்தின் துண்டாகிய வில்லும் சேரும் இடத்தில், இன்னொரு சின்ன வில்லைப் பொருத்தி மூலையை மழுக்கிவிடுகிறார்கள். இதற்குத் தொழிலில் 'பில்லட்' என்று பெயர்.

இன்று இந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கட்டளையைக் கொடுத்து, ஆரம் இவ்வளவு என்று சொல்லி, இரண்டு கோடுகளையும் திரையில் ஒரு தடவை சுட்டிக் காட்டினால் போதும். கண் இமைப்பதற்குள் மூலை மறைந்து, அந்த இடத்தில் அழகான வளைவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை சுலபமாகக் கிடைக்கும் இந்த வளைவின் அருமையைத் தெரிந்துகொள்ள மனிதர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

இரண்டாகப் பிளந்த கப்பல்கள்

இரண்டாவது உலகப் போரின்போது, ஜெர்மன் நீர்மூழ்கிகள் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தன. மூழ்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் புதிய கப்பல் கட்ட வேண்டும் என்று அமெரிக்கா முடிவு செய்தது. 'லிபர்டி' என்ற பெயரில் ஒரே மாதிரியான கப்பல்கள் 2,700-க்கு மேல் கட்டப்பட்டன. 1942-ம் ஆண்டு நவம்பரில், 'ராபர்ட் இ. பியரி' என்ற கப்பலின் உடலை நாலரை நாள் சொச்சத்தில் கட்டி முடித்து நீரில் இறக்கினார்கள். உலகம் மூக்கில் விரலை வைத்தது.

இந்த வேகத்துக்குக் காரணம் வெல்டிங். அதுவரை கப்பல் தகடுகளை ஆணி அடித்துப் பிணைப்பார்கள். லிபர்டியில் தகடுகளை உருக்கி ஒட்டினார்கள்.

கப்பல்கள் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் போகத் தொடங்கின. அப்போது வந்தது வினை. பல கப்பல்களின் மேல்தளத்தில் விரிசல் கண்டது. சில கப்பல்கள் இரண்டு துண்டாகவே பிளந்தன!

ஆராய்ந்தபோது மூன்று குற்றங்கள் தெரிந்தன. முதலாவது, அந்தக் காலத்து எஃகு. கடும் குளிரில் அது வளையும் குணத்தை இழந்து கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையை அடைந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி இதை நிரூபித்தார். இரண்டாவது, வெல்டிங். ஆணி அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விட்ட விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். ஒட்டிய கப்பலில் எல்லாம் ஒரே தகடு மாதிரி ஆகிவிட்டதால், விரிசலை நிறுத்த ஆளில்லை.

மூன்றாவதுதான் நம்முடைய மூலை. சரக்கு இறக்குவதற்காக மேல்தளத்தில் பெரிய சதுர வாய்கள் இருந்தன. அந்த வாய்களின் மூலைகள் கூராக இருந்தன. பல விரிசல்கள் அங்கேதான் பிறந்தன.

பிறகு அந்த மூலைகளை வளைத்து அமைத்தார்கள். விரிசல் ஓடாமல் தடுக்க, ஆணி அடித்த பட்டைகளையும் சேர்த்தார்கள். விபத்துகள் குறைந்தன.

முன்னாலேயே சொன்ன கணக்கு

இதில் விசித்திரம் என்னவென்றால், மூலையின் ஆபத்தை ஒருவர் முப்பது வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அதுவும் கப்பல் கட்டும் நிபுணர்களின் சங்கத்திலேயே சொல்லியிருந்தார். அவர் பெயர் சார்லஸ் இங்கிலிஸ். பிரிட்டிஷ் எஞ்சினீயர். ஆண்டு 1913.

அகலமான தகட்டில் ஒரு சின்ன வட்டத் துளை இருக்கிறது. தகட்டை இழுக்கிறோம். துளையின் ஓரத்தில் விசை மற்ற இடத்தைப்போல் 3 மடங்கு ஆகிவிடும். இது இங்கிலிஸுக்கு முன்பே தெரிந்ததுதான். இங்கிலிஸ் அடுத்த கேள்வியைக் கேட்டார்: துளை வட்டமாக இல்லாமல், இழுப்புக்குக் குறுக்கே நீண்ட முட்டை வடிவமாக இருந்தால்?

நீளம் அகலத்தைப்போல் 10 மடங்கு இருந்தால், முனையில் விசை 21 மடங்கு! துளை இன்னும் ஒடுங்கி, முனை இன்னும் கூரானால் அந்த எண் இன்னும் ஏறும். கணக்குப்படி பார்த்தால், முனை ஊசிபோல் முற்றிலும் கூராகிவிட்டால் விசைக்கு எல்லையே இல்லை. உண்மையில் உலோகம் அதற்கு முன்பே இளகிக் கொடுக்கும், அல்லது பிளந்துவிடும்.

இங்கிலிஸின் கணக்கில் முக்கியமானது துளையின் அளவு மட்டுமல்ல. அதன் முனை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதும் முக்கியம். முனையின் ஆரத்தைக் கூட்டினால் விசை தணியும். மூலையை மழுக்குவதன் தத்துவம் முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

இதே தத்துவத்தை வைத்து இன்றும் பட்டறைகளில் ஒரு வேடிக்கையான வைத்தியம் நடக்கிறது. தகட்டில் விரிசல் கண்டால், விரிசல் முடியும் இடத்தில் துரப்பணத்தால் இன்னொரு வட்ட ஓட்டை போடுவார்கள். ஏற்கனவே பிளந்த தகட்டில் மேலும் ஓர் ஓட்டையா என்று பார்ப்பவர்கள் பதறலாம். ஊசி முனையாக இருந்த விரிசல், அந்த ஓட்டையால் வட்ட முனை பெற்று, அதற்குமேல் போகாமல் நின்றுவிடும். நிரந்தர வைத்தியம் அல்ல. தற்காலிகமாக உயிர் பிழைக்க வைக்கும்.

வானில் வெடித்த 'காமெட்'

1952-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, உலகத்தின் முதல் ஜெட் பிரயாணிகள் விமான சர்வீஸ் லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் நகருக்குத் தொடங்கியது. விமானத்தின் பெயர் 'காமெட்'. பிரிட்டனில் டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரித்தது. மற்ற விமானங்கள் மேகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, காமெட் மேகத்துக்கு மேலே, சுமார் 35,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் பறந்தது. தேநீர்க் கோப்பை ஆடாது என்று புகழ்ந்தார்கள்.

அந்த உயரத்தில் மனிதன் சுவாசிக்கக் காற்று போதாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி அடைக்க வேண்டும். ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் பலூன்போல் சிறிது உப்பும். இறங்கும்போது பழையபடி ஆகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் பத்தாவது தடவையோ இருபதாவது தடவையோ ஒடிந்துவிடுகிறது அல்லவா? அதைப்போல உலோகத்துக்கும் களைப்பு உண்டு.

1954-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, ரோம் நகரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஒரு காமெட், எல்பா தீவுக்கு அருகே வானிலேயே சிதறிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 35 பேரும் மாண்டார்கள். லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு முதல் சர்வீஸ் போன அதே விமானம் அது!

காமெட் சர்வீஸ் நிறுத்தப்பட்டது. காரணம் புலப்படவில்லை. ஐயப்பட்ட இடங்களில் மாற்றம் செய்துவிட்டு, மார்ச் மாதத்தில் மீண்டும் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ந் தேதி இன்னொரு காமெட், ரோமிலிருந்து கெய்ரோவுக்குப் போகும் வழியில் கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு காமெட்கூடப் பிரயாணிகளோடு பறக்க அனுமதிக்கப்படவில்லை.

பார்ன்பரோவில் உள்ள விமான ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய தொட்டி கட்டினார்கள். பறந்து பழகிய ஒரு காமெட்டின் உடலை அதற்குள் நிறுத்தினார்கள். விமானத்துக்குள்ளும் வெளியிலும் தண்ணீரை நிரப்பினார்கள். காற்றை அடைத்துச் சோதித்தால் உடையும்போது குண்டுபோல் வெடிக்கும். தண்ணீரானால் விரிசலோடு நின்றுவிடும். அதற்காக இந்த ஏற்பாடு. உள்ளே அழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒரு பிரயாணத்தில் விமானம் படும் பாட்டைத் திரும்பத் திரும்பப் படவைத்தார்கள்.

அந்த விமானம் உண்மையில் 1,221 தடவை பறந்திருந்தது. தொட்டிக்குள் மேலும் 1,836 'பிரயாணங்கள்' நடந்தன. ஆக மொத்தம் 3,057. அந்த நிலையில், 1954-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், உடல் கிழிந்தது. கிழிசல் தொடங்கிய இடம் பக்கவாட்டில் இருந்த ஒரு திறப்பின் மூலை!

எல்பாவுக்கு அருகே கடலுக்கடியிலிருந்து எடுத்த துண்டுகளும் அதையே சொல்லின. அந்த விமானத்தில் கிழிசல் தொடங்கியது கூரையில். ரேடியோ திசை காட்டும் கருவிக்காக அங்கே வெட்டியிருந்த திறப்பின் மூலைக்கு அருகே, ஓர் ஆணித் துளையின் ஓரத்தில்.

'சதுர ஜன்னலால் காமெட் விழுந்தது' என்று இன்று பலரும் சொல்லுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. காமெட்டின் ஜன்னல்கள் சதுரம்போல் இருந்தாலும், அவற்றின் மூலைகள் மழுக்கப்பட்டே இருந்தன. அந்த மழுக்கல் போதவில்லை. தகடு மெல்லியது. மூலைக்குப் பக்கத்திலேயே ஆணித் துளைகள். மூலையில் விசை எவ்வளவு குவியும் என்பதைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். வளைவு இருந்தால் மட்டும் போதாது, போதிய ஆரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் காமெட் கற்றுக்கொடுத்த பாடம்.

பிறகு உடலைக் கனமான தகட்டில் அமைத்து, ஜன்னல்களை நன்றாக வளைத்து, 'காமெட் 4' என்ற விமானத்தைக் கட்டினார்கள். 1958-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஜெட் பிரயாணிகள் சர்வீஸை நடத்தியது அதுதான்.

கவராயம் காட்டிய வழி

சரி, இந்த வளைவை எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையில் ஏதோ ஒரு வட்டத்தை வைத்து அழுத்திவிட முடியாது. வட்டம் இரண்டு பக்கத்தையும் தொட வேண்டும், வெட்டக் கூடாது. தொடுகிற இடத்தில் சின்ன முறிவுகூடத் தெரியக் கூடாது. அங்கே ஒரு முறிவு விட்டால், ஒரு மூலையைப் போக்கி இரண்டு மூலைகளை உண்டாக்கிய கதையாகும்.

காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால், ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு படுக்கைக் கோடு. அதற்கு 40 மில்லிமீட்டர் மேலே ஒரு புள்ளி. அதை மையமாக வைத்து 50 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். வட்டம் கோட்டை வெட்டிக்கொண்டு 10 மி.மீ. கீழே இறங்கும். மையத்துக்கு நேர் கீழே இருக்கும் இடத்திலிருந்து வலப் பக்கம் 30 மி.மீ. தள்ளி, வட்டமும் கோடும் வெட்டிக்கொள்ளும். வட்டத்துக்கு வெளியே, கோட்டுக்கு மேலே, அங்கே ஒரு கூர் மூலை. இதை 15 மி.மீ. ஆரத்தில் மழுக்க வேண்டும்.

சின்ன வட்டம் கோட்டைத் தொட வேண்டுமானால், அதன் மையம் கோட்டுக்கு 15 மி.மீ. மேலே எங்காவது இருக்க வேண்டும். ஆகவே அந்த உயரத்தில் ஓர் இணைகோடு போடுங்கள். சின்ன வட்டம் பெரிய வட்டத்தை வெளியிலிருந்து தொட வேண்டுமானால், இரண்டு மையங்களுக்கும் நடுவே 50-ம் 15-ம் சேர்ந்து 65 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 65 மி.மீ. ஆரத்தில் ஒரு வில் போடுங்கள். இணைகோடும் இந்த வில்லும் எங்கே சந்திக்கின்றனவோ, அதுதான் நாம் தேடும் மையம்!

கணக்காகச் சொன்னால்: மையங்களின் உயர வித்தியாசம் 40-ல் 15 போக 25. கர்ணம் 65. 65-ன் வர்க்கம் 4,225. அதில் 25-ன் வர்க்கம் 625 போக 3,600. அதன் வர்க்கமூலம் 60. ஆக, சின்ன வட்டம் 60-வது மில்லிமீட்டரில் கோட்டைத் தொடும். பெரிய வட்டத்தைத் தொடும் இடம் எது? இரண்டு மையங்களையும் ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் மேலேயே இருக்கும். தொடும் வட்டங்களின் மையங்களை இணைக்கும் கோடு தொடுபுள்ளி வழியாகப் போகும் என்று யூக்ளிட் தம் நூலின் மூன்றாம் பாகத்தில் நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூலை 30-ல் இருந்தது. வளைவோ 60-ல் தொடங்குகிறது. நடுவே உள்ள 30 மி.மீ. கோட்டையும், பெரிய வட்டத்தில் ஒரு துண்டையும் அழித்துவிட வேண்டும்.

கையால் வரைந்த காலத்தில் இந்த அழிக்கும் வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். டிரேசிங் துணியில் மை போட்டுவிட்டால் அவ்வளவுதான். பிளேடு எடுத்துச் சுரண்ட வேண்டும். ஆகவே டிராயிங் ஆபீஸ்களில் ஒரு விதி இருந்தது: முதலில் வில்களை வரை, பிறகு கோடுகளை இழு. வளைந்து நிற்கும் வில்லோடு நேர்கோட்டைச் சேர்ப்பது சுலபம். நேர்கோட்டோடு வில்லைச் சேர்ப்பது கஷ்டம். கவராயத்தின் முனை ஒரு மயிரிழை பிசகினாலும், சேரும் இடத்தில் மை தடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த டிராப்ட்ஸ்மேனுடைய கைத்திறனை, பெரியவர்கள் இந்தச் சேரும் இடங்களைப் பார்த்தே எடைபோட்டுவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் இந்த விதியைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. இப்போது முதலில் கோடுகள். கூர் மூலையோடு முழு உருவமும் தயாரான பிறகுதான் வளைவு.

எட்டு வட்டங்களில் எது?

கம்ப்யூட்டர் திரையில் படம் வரையும் வித்தையை முதலில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கர். 1963-ம் ஆண்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்காக அவர் செய்த ஆராய்ச்சி அது. பெயர் 'ஸ்கெட்ச்பேட்'. ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டுக் கோடும் வில்லும் வரையலாம். இரண்டு கோடுகளை இணையாக்கு என்றால் கம்ப்யூட்டர் தானே இணையாக்கும். அப்போது அவர் உபயோகித்த கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. 1982-ம் ஆண்டில் 'ஆட்டோகேட்' வந்த பிறகு, மேஜை மேல் வைக்கும் சிறு கம்ப்யூட்டரிலேயே இந்த வேலை நடக்கத் தொடங்கியது.

கம்ப்யூட்டரும் கவராயம் செய்ததையேதான் செய்கிறது: இணைகோடு, பெரிய வில், இரண்டும் சந்திக்கும் இடம். ஆனால் அதற்கு ஒரு சங்கடம். மனிதனுக்கு மூலை கண்ணுக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு எண்கள் மட்டுமே தெரியும்.

15 மி.மீ. ஆரத்தில் கோட்டையும் வட்டத்தையும் தொடும் வட்டம் ஒன்றுதானா? இல்லை. மையம் கோட்டுக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். பெரிய வட்டத்தை வெளியிலிருந்தும் தொடலாம், உள்ளிருந்தும் தொடலாம். இடப் பக்கமும் வரலாம், வலப் பக்கமும் வரலாம். ஆக, எட்டு வட்டங்கள் வரை சாத்தியம்!

நம்முடைய கணக்கில் ஆறுதான் வரும். பெரிய வட்டம் கோட்டுக்குக் கீழே 10 மி.மீ. மட்டுமே இறங்குகிறது. 30 மி.மீ. விட்டமுள்ள வட்டம் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் எப்படி நுழையும்? ஆரம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் அங்கே இரண்டு வட்டங்கள் புகுந்து, எண்ணிக்கை எட்டாகிவிடும்.

இவற்றில் எது வேண்டும் என்று கம்ப்யூட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது? வரைகிறவர் கோட்டையும் வில்லையும் எந்த இடத்தில் சுட்டினார் என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எந்த வட்டத்தின் தொடுபுள்ளிகள் அந்த இடங்களுக்கு அருகில் இருக்கின்றனவோ, அதைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவேதான், ஒரே கோட்டையும் ஒரே வில்லையும் இடம் மாற்றிச் சுட்டினால் வளைவு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேலை கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் இதைக் கண்டு, கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைப்பது உண்டு. பாவம், அது சுட்டிய இடத்தைத்தான் நம்புகிறது.

சில சமயம், ஆரம் அதிகம் என்று சொல்லி மறுத்துவிடும். கோடு குட்டையாக இருந்து, தொடுபுள்ளி கோட்டின் முனையைத் தாண்டி வெளியே போய்விட்டால் அது என்ன செய்யும்?

இன்னொரு தொல்லையும் உண்டு. கம்ப்யூட்டர் எண்களைக் குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டி வைத்துக்கொள்கிறது. இணைகோடு வில்லை மிகச் சரியாகத் தொட்டு நிற்கும் நிலையில், வர்க்கமூலத்துக்குள் பூஜ்யம் வர வேண்டும். ஆனால் வெட்டிய இலக்கங்களின் குற்றத்தால், பூஜ்யத்துக்குப் பதில் ஒரு கடுகிலும் கடுகான மைனஸ் எண் வந்துவிடலாம். மைனஸ் எண்ணுக்கு வர்க்கமூலம் ஏது? உண்மையில் இருக்கிற வட்டத்தை, இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். இதைத் தவிர்க்க, இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்தச் சலுகையைக் கூட்டினால் தொடாதவை தொட்டதாகிவிடும். குறைத்தால் தொட்டவை தொடாதவையாகிவிடும்.

ஆட்டோகேட்டில் ஆரத்தைப் பூஜ்யம் என்று கொடுத்துப் பாருங்கள். மழுக்குகிற அதே கட்டளை, கோடுகளை நீட்டியோ வெட்டியோ கச்சிதமான கூர் மூலையை உண்டாக்கிவிடும்! வரைகிறவர்கள் இதை மிகவும் விரும்பி உபயோகிக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடைசியாகக் கொடுத்த ஆரத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே வைத்திருக்கும். யாரோ எப்போதோ கொடுத்த ஆரம் இருக்கிற படத்தை இன்னொருவர் திறந்து, எண்ணைப் பார்க்காமல் 'டிக், டிக்' என்று சுட்டினால், அந்தப் பழைய ஆரம்தான் புதிய மூலைக்கு வரும். திரையில் 2 மி.மீ. வளைவும் 3 மி.மீ. வளைவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஆரத்தை யார் சொல்லுவது?

படத்தில் போட்டதைப் பட்டறையில் வெட்ட வேண்டுமே! மில்லிங் யந்திரத்தில் சுழலும் கட்டர் உருண்டையானது. 10 மி.மீ. கட்டர் போன உள்மூலையில் 5 மி.மீ. ஆரம் தானாகவே விழும். அதைவிடக் குறைந்த ஆரம் வேண்டுமானால் இன்னும் மெல்லிய கட்டர் போட வேண்டும். அது மெதுவாக வெட்டும்; சீக்கிரம் ஒடியும்; செலவு ஏறும். படத்தில் ஒரு நொடியில் மாற்றிய எண், பட்டறையில் ஒரு நாள் வேலையைக் கூட்டிவிடும்.

வார்ப்படத் தொழிலில் வேறு கவலை. உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது, கூர் மூலையில் பிளந்துகொள்ளும். ஆகையால் மர அச்சு செய்கிறவர்கள் உள்மூலைகளில் மெழுகையோ தோல் பட்டையையோ ஒட்டி மழுக்குவது நெடுநாளைய வழக்கம்.

ரயில் பாதைக்கு வட்ட வில் மட்டும் போதாது. நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் இடத்தில் முறிவு தெரியாவிட்டாலும், வளைவு திடீரென்று ஆரம்பிக்கிறது. வேகமாகப் போகும் வண்டியில் பிரயாணிகள் பக்கவாட்டில் தள்ளப்படுவார்கள். அங்கே சிறிது சிறிதாகக் கூடும் வேறு வகை வளைவை நடுவே சேர்க்கிறார்கள். அது தனிக் கதை.

எல்லாவற்றிலும் சிக்கலானது சுழலும் தண்டு. ஒரு பக்கம் பருமனாகவும் ஒரு பக்கம் மெல்லியதாகவும் கடைந்த தண்டைப் பார்த்திருப்பீர்கள். பருமன் மாறும் இடத்தில் ஓர் உள்மூலை. தண்டு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளைந்து நிமிர்கிறது. நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை. காமெட் 3,057 தடவையில் கிழிந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே தண்டைச் செய்கிறவர், இந்த மூலையில் ஆரத்தை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டு என்பார்.

ஆனால் அதே மூலையில்தான் பேரிங் வந்து உட்கார வேண்டும். பேரிங்கின் உள் வளையத்து முனையும் சிறிதே மழுங்கியிருக்கும். தண்டின் வளைவு அதைவிடப் பெரிதாக இருந்தால், பேரிங் வளைவின்மேல் ஏறிக்கொண்டு, தோள்மேல் சரியாகப் படியாது, சாய்ந்து ஓடும், சூடேறும். ஆகவே பேரிங்கைப் பொருத்துகிறவர், ஆரத்தைக் குறை என்பார். இருவர் சொல்வதும் நியாயம்தான்! கம்ப்யூட்டரிடம் கேட்டால், எந்த ஆரம் கொடுத்தாலும் கோணாமல் வரைந்து தரும். அதற்கு இந்த வழக்கில் கட்சி கிடையாது.

அனுபவமுள்ள டிசைனர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தண்டுக்கு வேண்டிய பெரிய ஆரத்தைக் கொடுத்துவிட்டு, தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவே தனியாக ஒரு வளையத்தைக் கோத்துவிடுகிறார்கள். வளையத்தின் ஒரு பக்கத்து உள் விளிம்பைத் தாராளமாகச் சரித்துக் கடைந்திருப்பார்கள். தண்டின் வளைவு அதற்குள் அடங்கிவிடும். மறு பக்கம் தட்டையாக இருக்கும். பேரிங் அதன்மேல் பதிந்து உட்காரும்.